சீமை வண்டியின் பூர்வீகம்

என் அப்பாவுக்கு வாழ்க்கையில் இரண்டே பெருமைகள். ஒன்று மீசை, இன்னொன்று லாரி. நான் பிறந்தபோதே இரண்டும் வீட்டில் இருந்தன. மீசைக்குத் தினமும் விளக்கெண்ணெய், லாரிக்கு வாரம் ஒரு தடவை கிரீஸ். எனக்கும் அம்மாவுக்கும் மிச்சமிருந்த நேரம்.

லாரி என்றால் சரக்கு ஏற்றுகிற லாரி இல்லை. ஆவடிப் பக்கம் ராணுவம் கழித்துப் போட்ட வண்டிகளை ஏலம் விட்டபோது அப்பா எடுத்தது. இங்கிலாந்தில் செய்த வண்டி. முன்னால் நீளமான மூக்கு. பின்னால் இரும்புத் தூண், கம்பி வடம், கொக்கி எல்லாம் வைத்துக் கட்டி அதை கிரேனாக்கினார். சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் எந்த வண்டி கவிழ்ந்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். நாங்கள் வேதக்காரர்கள். ஆனால் வண்டிக்குள் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே நரசிம்மர் படமும் இருக்கும். ரோட்டில் யார் வந்து காப்பாற்றுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது அப்பாவின் கட்சி.

இப்போது வயதான வண்டிகளை ரோட்டில் விடுவதில்லை. அதனால் லாரி மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தின் வளாகத்துக்குள் குடியேறிவிட்டது. செதுக்கி முடித்த புத்தர்களையும் பிள்ளையார்களையும் தூக்கி கன்டெய்னரில் வைப்பது அதன் வேலை. அப்பா எழுபது தாண்டியும் தினமும் செங்கல்பட்டில் பஸ் மாறிப் போய் வருகிறார். போகாதே என்று சொன்னால் கேட்கமாட்டார். நானும் சொல்லாமல் இருக்கமாட்டேன்.

எங்கள் தெருவில் யாருக்கும் பூர்வீகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. தாத்தா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். ஊரில் அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் ஏழு தலைமுறையை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். எங்களுக்குத் தாத்தாவுக்கு மேலே பெயர் தெரியாது. இந்த நிலைமையில்தான் அப்பாவுக்கு அந்த லாரி கிடைத்தது. "எங்க வண்டி வம்சம் தெரியுமா? சீமையில, ராஜா காலத்துக் கம்பெனி" என்று ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். தனக்கு இல்லாத பூர்வீகத்தை வண்டிக்குச் சேர்த்து வைத்தார். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் நானும் பள்ளிக்கூடத்தில் அப்படியே அளந்திருக்கிறேன்.

வம்பு எங்கே வந்ததென்றால், அதே சிங்கப்பெருமாள் கோயிலில் இன்னொரு கிரேன்காரர் இருந்தார். பதினெட்டு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். இப்போது மஞ்சள் நிறத்தில் நாலைந்து புது கிரேன்கள் வைத்திருக்கிறார். அவர் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ரயில்வே கேட் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"அண்ணாத்த, மூக்கு சீமை மூக்குதான். உள்ள கீறது நம்மூரு என்ஜினு. சத்தத்துலயே தெர்தே."

அப்பா டம்ளரை வைத்துவிட்டு மீசையைத் தொட்டார். "அது கம்பெனிக்காரன் கையால செஞ்ச என்ஜினு. இல்லன்னு எவனாச்சும் காட்டிட்டா, இத்த வழிச்சி உன் கையில குடுத்துடறேன்."

துபாய்க்காரர் சொன்னது உண்மை என்பதுதான் இதில் வேதனை. அதற்குச் சில மாதம் முன்னால் சீமை என்ஜின் மூச்சை நிறுத்தியிருந்தது. அப்பா 'பாடி கட்டப் போறேன்' என்று சொல்லிவிட்டு நாமக்கல்லுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போய், இரண்டு வாரம் அங்கேயே கிடந்து, நம்மூர் டீசல் என்ஜின் ஒன்றைப் பொருத்திக்கொண்டு வந்தார். அது தெரிந்தவர்கள் மூன்று பேர். அப்பா, நாமக்கல் மெக்கானிக், அம்மா. என் கல்யாணத்தின்போது நாலாவது ஆளாக நான் சேர்ந்தேன். மற்ற அம்மாக்கள் மகளுக்கு வளையல் போட்டு அனுப்புவார்கள். எங்கள் அம்மா இந்த ரகசியத்தைக் கொடுத்து அனுப்பினார்.

அப்புறம் இத்தனை வருஷம் கழித்து, மாமல்லபுரம் வந்த யாரோ ஒரு சுற்றுலாக்காரர் எங்கள் லாரி புத்தரைத் தூக்குவதைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். அது இங்கிலாந்தில் ஒரு பெரியவர் கண்ணில் பட்டது. அவர் அந்த லாரிக் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். கம்பெனி மூடிய பிறகு அதன் வரலாற்றை எழுதுகிறேன் என்று உட்கார்ந்திருப்பவர். உலகத்தில் மிச்சமிருக்கும் வண்டிகளையெல்லாம் தேடிப் பட்டியல் போடுகிறாராம். சிற்பக்கூடத்துக்கு மின்னஞ்சல் எழுதினார். கூடத்தின் பெரிய ஸ்தபதி அதை அப்படியே எனக்கு அனுப்பி, "நீதாம்மா இங்கிலீஷு படிச்சவ, இன்னான்னு பாரு" என்றார். நான் படூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வருகைப்பதிவு, விடுப்புக் கடிதம், இவ்வளவுதான் என் ஆங்கிலம். அது அவர்களுக்குத் தெரியாது.

பெரியவர் ஐந்து நீளமான கடிதங்களில் கம்பெனியின் கதையை எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சிற்பக்கூடத்துக்குப் போய் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்வேன். உளிச் சத்தம் நிற்கும். எல்லோரும் கல்தூசியோடு வந்து உட்கார்வார்கள்.

முதல் கடிதத்தில், வண்டிச் சக்கரம் செய்கிற ஒரு தச்சர். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. மாப்பிள்ளை வருகிறார். மாப்பிள்ளைக்கு நீராவி வண்டி மேல் ஆசை. மாமனாருக்குக் குதிரை வண்டிதான் வண்டி.

"வூட்டோட மாப்ளயா?" என்றார் ஒரு சிற்பி.

"ஆமாம்."

"அப்ப வெளங்காது."

ஆனால் விளங்கியது. மாமனார் கண்ணை மூடினதும் மாப்பிள்ளை லாரி செய்ய ஆரம்பித்தார். சண்டை வந்தது, ராணுவம் லாரி கேட்டது, கம்பெனி பெருத்தது. நாலாவது கடிதத்தில் எங்கள் கூட்டமே கவலையில் இருந்தது. பக்கத்து ஊர்ப் பெரிய கம்பெனி இந்தக் கம்பெனியை வாங்கிவிட்டது. அதை அதைவிடப் பெரியது வாங்கியது. அப்புறம் சர்க்காரே எடுத்துக்கொண்டது. அப்புறம் சர்க்காரும் கைவிட்டு வெளிநாட்டுக்காரன் வந்து, கடைசியில் பூட்டு போட்டுவிட்டுப் போனான். லாரி செய்த இடத்தில் இப்போது சூப்பர் மார்க்கெட்.

அப்பா, "அந்த மாப்ள வவுறு எரிஞ்சிருப்பான்" என்றார். உண்மையாகவே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தாத்தா செத்ததைப் பற்றிப் பேசும்போதுகூட அவர் அப்படிக் கலங்கி நான் பார்த்ததில்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடிதங்களில் கதை வந்த இடங்களை மட்டும்தான் நான் சொன்னேன். நடுநடுவே இயந்திர சமாச்சாரம் பக்கம் பக்கமாக வரும். எனக்கே புரியாததை எப்படிச் சொல்வது? "இங்க ஒண்ணுமில்ல, வண்டி கணக்கு" என்று சொல்லித் தாண்டிவிடுவேன்.

ஐந்தாவது கடிதத்தில் அவர் நேரில் வருவதாக எழுதினார். அன்றிலிருந்து மாமல்லபுரத்தில் திருவிழா.

முதலில் பெயிண்ட். எஃப்.சி. சோதனைக்குப் போகிற லாரிக்கு அடிப்பதுபோல மூக்கிலிருந்து வால் வரை பச்சை பூசினார்கள். கம்பெனிக்காரன் தகட்டில் பொறித்திருந்த வண்டி நம்பரையும் சேர்த்துப் பூசினார்கள். அதன்மேல் ஏற்கெனவே முப்பது வருஷத்துப் பெயிண்ட் இருந்தது. அடுத்து, ரேடியேட்டர் முன்னால் கம்பெனிச் சின்னம் இருந்த இடம் காலியாக இருப்பது ஸ்தபதி கண்ணை உறுத்தியது. கடிதத்தின் மேலே அச்சடித்திருந்த சின்னத்தைத் தன் செல்போனுக்கு அனுப்பச் சொன்னார். கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சிங்கம்.

ஸ்தபதி அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "இதுக்கு இடுப்பே இல்லியே. தொர ஊர்ல எவனும் சிங்கத்தப் பாத்ததில்ல போலக்கீது."

"அவங்க சின்னம் அப்படித்தான். அப்படியே செஞ்சிடுங்க" என்றேன்.

"தப்பான அளவுல என் கை ஓடாதும்மா."

அப்படி ஓடவும் இல்லை. கருங்கல்லில், பிடரி சுருள் சுருளாக, அளவு பிசகாத பல்லவர் காலத்துச் சிங்கம் வந்தது. கீழே தாமரைப் பீடம். பீடத்தில் கம்பெனி பெயர். நாலு பேர் தூக்கி வந்து போல்ட்டு போட்டு மாட்டினார்கள். மாட்டின மறுநிமிஷம் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. அப்பா அரைக் கிலோ மஞ்சள்தூளைக் கரைத்து உள்ளே ஊற்றினார். ஓட்டை அடைபட்டது. லாரியிலிருந்து மூன்று நாள் சாம்பார் வாசனை வந்தது. சிங்கத்துக்குக் கண் மட்டும் திறக்கவில்லை. விருந்தாளி வருகிற அன்று நல்ல நேரத்தில்தான் திறப்பேன் என்று ஸ்தபதி சொல்லிவிட்டார்.

இத்தனை கூத்திலும் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் காரணம் தெரியும். துபாய்க்காரருக்குச் சேதி போய், அவரும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். சீமையிலிருந்து சாட்சியே வருகிறதே, விடுவாரா?

"பானெட்ட தொறக்கவே வுடமாட்டேன்" என்றார் அப்பா என்னிடம். "பெயிண்டு ஒட்டிக்கிச்சு, தொறக்காதுன்னு சொல்லிடு."

"நைனா, அவரு அதுக்குத்தான் வர்றாரு."

"நீ சொல்லு."

பெரியவர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் நோட்டு, தலையில் தொப்பி. அவரைக் காரிலிருந்து இறங்கவிடாமல் மாலை போட்டார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஸ்தபதி ஊசி உளியால் சிங்கத்தின் கண்ணைத் திறக்க, கற்பூரம் ஏற்றினார்கள். தாமரைமேல் உட்கார்ந்திருக்கும் தன் கம்பெனிச் சின்னத்தை அந்த மனிதர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், தங்கள் கம்பெனிச் சிங்கத்துக்கு இடுப்பு சரியில்லை என்று தானும் எப்போதும் நினைத்ததுண்டு என்றார். அதை நான் தமிழில் சொன்னதும் ஸ்தபதி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

பெரியவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துத் தகட்டைச் சுரண்டினார். பச்சை, அதற்கடியில் நீலம், அப்புறம் சிவப்பு, மறுபடி பச்சை, கடைசியில் ராணுவத்து மண் நிறம். எண் தெரிந்தது. நோட்டில் பார்த்தார். அவர்கள் பதிவேட்டில் இருந்த வண்டிதான். எழுந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். கூட்டம் கை தட்டியது. துபாய்க்காரரும் தட்டினார். அப்பா நிம்மதியாக மீசையைத் தடவினார்.

"என்ஜினைப் பார்க்கலாமா?" என்றார் பெரியவர்.

பெயிண்ட் ஒட்டிக்கொண்டதால் திறக்காது என்று சொன்னேன். அவர் சிரித்தார். மூக்கின் இடதுபக்கம் ஓர் இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, ஒரே குத்து விட்டார். பானெட் துள்ளித் திறந்தது. அந்தக் கம்பெனியில் முதல் பத்து வருஷம் அவர் வேலையே அந்தத் தாழ்ப்பாளை மாட்டுவதுதானாம்.

குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், "இது உங்கள் நாட்டு என்ஜின் அல்லவா?" என்றார்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அப்பாவும். எனக்கு அந்த நிமிஷத்தில் மீசைகூட ஞாபகம் வரவில்லை. எங்கள் தெருதான் ஞாபகம் வந்தது. "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கன்னு சொல்றாரு" என்றேன்.

துபாய்க்காரர் என்னைப் பார்த்தார். பதினெட்டு வருஷம் இங்கிலீஷ் பேசின மனிதர். அவர் வாயைத் திறக்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியவர் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். வண்டியோடு வந்த என்ஜினா, மாற்றியதா, அப்பாவையே கேட்டுச் சொல் என்றார்.

"இன்னா எழுதறாரு?" என்றார் அப்பா.

"நீங்க சொல்றத. புத்தகத்துல போடுவாரு."

"அச்சுலயா?"

"ஆமாம்."

"அந்த மாப்ள கத வர்ற புக்குலயா?"

"அதே புத்தகம்தான், நைனா."

அப்பா லாரியைப் பார்த்தார், துபாய்க்காரரைப் பார்த்தார். என்னிடம் திரும்பி, "நெசத்த சொல்லிடு. நான்தான் மாத்துனேன்னு சொல்லு. நாமக்கல்லுல. டீக்கடையில அள்ளி வுட்டா காத்தோட பூடும். அவரு எழுதிகினு கீறாரு" என்றார்.

நான் பெரியவரிடம் சொன்னேன். இருபத்தைந்து வருஷத்துப் பொய், மீசைப் பந்தயம், கம்பெனி கையால் செய்த என்ஜினைக் காப்பாற்ற முடியாமல் போனதில் அப்பாவுக்கிருந்த குற்ற உணர்ச்சி, எல்லாவற்றையும் என் விடுப்புக் கடித ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

அவர் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு அவர் சொன்னதை நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் தமிழில் சொன்னேன். அந்தக் கம்பெனி தன் வாழ்நாளில் ஒரு என்ஜின்கூடச் செய்ததில்லை. மாமனார் காலத்திலும் இல்லை, மாப்பிள்ளை காலத்திலும் இல்லை. வேறு ஊரில் என்ஜின் செய்கிறவர்களிடம் வாங்கி, மூக்குக்குள் வைத்து, மேலே சிங்கத்தை மாட்டி அனுப்புவார்கள். உங்கள் அப்பா நாமக்கல்லில் செய்ததைத்தான் நாங்கள் கடைசிவரை செய்தோம் என்றார். மூன்றாவது கடிதத்திலேயே எழுதியிருந்தேனே என்றும் கேட்டார். அன்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். எழுதியிருந்தார். நான் 'வண்டி கணக்கு' என்று தாண்டிய பக்கம்.

கூட்டம் உருண்டு சிரித்தது. அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப எவனோ பெத்த புள்ளைக்கா நான் நாமக்கல்லுல உக்காந்து அழுதேன்?" என்றார்.

ஸ்தபதி நாட்டாண்மை செய்தார். "கம்பெனி என்ஜினுன்னு ஒண்ணு லோகத்துலயே இல்ல. இல்லாத பொருளுக்குக் கட்ன பந்தயம் செல்லாது. மீச தப்பிச்சிது." துபாய்க்காரரும், "செல்லாது, செல்லாது, வுடு அண்ணாத்த" என்றார். எல்லோரும் பிரியாணி சாப்பிடப் போனோம்.

மறுநாள் காலை நான் பெற்றோர் வீட்டில் இருந்தேன். பின்பக்கமிருந்து அம்மா அலறுகிற சத்தம் கேட்டது. ஓடிப் போனால், அப்பா மழமழவென்று நிற்கிறார். நான் பிறந்ததிலிருந்து பார்க்காத மேலுதடு. ரொம்பச் சின்னதாக இருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவரே செல்லாதுன்னு வுட்டுட்டாரே! எதுக்கு வழிச்சீங்க?"

"அவன் வுட்டான். கம்பெனி செய்யலன்னு எனுக்கு நேத்துதான் தெரியும். மாத்துனது அன்னிக்கே தெரியும். தெரிஞ்சிதான சத்தியம் பண்ணேன்?"

வழித்ததை ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி டீக்கடைக்கு எடுத்துப் போனார். கையில் கொடுக்கிறேன் என்றுதானே பேச்சு. துபாய்க்காரர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனாராம். வாங்கவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. கடைசியில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு டீ சொல்லியிருக்கிறார்.

போன மாதம் புத்தகம் கூரியரில் வந்தது. கனமான புத்தகம். கடைசிப் பகுதியில் உலகத்தில் மிச்சமிருக்கும் லாரிகளின் பட்டியல். எங்கள் வண்டிக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தார். படத்தில் கல்சிங்கம் பளபளக்க, பக்கத்தில் அப்பா. பெரியவர் ஊருக்குக் கிளம்பிய அன்று எடுத்த படம், அதனால் மீசை இல்லை. தெருவில் பாதிப் பேருக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. அம்மாவுக்கு அதில் பெரிய வருத்தம்.

படத்துக்குக் கீழே மூன்று வரிகள். "இதுல எது நான் சொன்னது?" என்றார் அப்பா.

கடைசி வரியைக் காட்டினேன். அவர் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. "படி" என்றார்.

"என்ஜின் மாற்றப்பட்டது. உரிமையாளரே சொன்னது."

வாக்காளர் பட்டியலையும் ரேஷன் கார்டையும் தவிர எங்கள் குடும்பத்தில் யாரைப் பற்றியும் எங்கேயும் ஒரு வரி அச்சில் வந்ததில்லை. முதல் தடவையாக வந்த வரியில், நினைத்திருந்தால் அப்பா பொய் சொல்லியிருக்கலாம். நானும் அவருக்காகச் சொல்லத்தான் பார்த்தேன். நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா நிறுத்திட்ட?" என்றார் அப்பா, விரலை எடுக்காமல். "இன்னொரு வாட்டி படி."

படித்தேன்.

"கரெக்டா போட்டுக்கீறாரு" என்றார்.